நடுவில் வெட்டிய காதல்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போவது காதல் கதை. முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஒரு காதல் கதை இல்லை, ஒரு மூட்டைக் காதல் கதை. எதற்கும் தலையும் கிடையாது, வாலும் கிடையாது, நடு மட்டும்தான் உண்டு. அப்படி வெட்டி வைத்த மனிதர் பட்ட பாட்டைக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

"சார், அவ ரயில் ஏறிட்டா."

பெரியக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அறையின் மூன்று தட்டச்சுக்காரர்களில் மூத்தவள் அவள்தான்.

"யாரு?" என்றார் கத்திரி.

"நர்ஸுப் பொண்ணு. அவன் பிளாட்பாரத்துல நிக்கிறான். மழை வேற கொட்டுது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வர்றான், அதோட நீங்க கொடுத்த தாள் முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சா அடுத்த கட்டை எடுத்து அடிங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே சார் வெட்டினீங்க!"

கத்திரி என்பது அவருக்கு அலுவலகம் வைத்த பேர். ஒரு மொழி ஆய்வு நிலையத்தின் மாடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையில் அவருக்கு வேலை. வாசலில் 'ஆங்கிலத் தரவகம்' என்று பலகை தொங்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. தானியத்துக்குக் களஞ்சியம் இருக்கிற மாதிரி வார்த்தைக்கும் ஒரு களஞ்சியம், அவ்வளவுதான். ஜனங்கள் ஆங்கிலத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காக, செய்தித்தாளிலிருந்து கோர்ட்டுத் தீர்ப்பு வரைக்கும் எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டி வைப்பார்கள். எந்த வார்த்தையைக் கேட்டாலும் அது எங்கெங்கே வந்திருக்கிறது என்று கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடும்.

கொட்டினதை எல்லாம் பார்த்த தலைமை அலுவலகம், "இதுல மனுஷங்க பேசற மாதிரியே ஒண்ணும் இல்லையே, வக்கீல் மட்டும்தானே பேசறார்! ஜனங்க ஆசையா படிக்கிற இங்கிலீஷ் காதல் நாவலையும் சேருங்க" என்று சொல்லிவிட்டது.

அதற்கு ஒரு விதி உண்டு. எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் போடக் கூடாது. போட்டால் அந்த ஒருத்தர் எழுத்தே களஞ்சியத்தை அடைத்துக்கொள்ளும். பல கை பட்டால்தான் அது மொழி, ஒரே கை என்றால் அது ஓர் ஆளுடைய பழக்கம். ஆகவே பல எழுத்தாளர்களிடமிருந்து ஆளுக்குக் கொஞ்சம், அதுவும் நடுவிலிருந்து.

நம் கத்திரி பக்கத்துத் தெரு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து நாவல்களை மூட்டையாக எடுத்து வருவார். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் விரலை விட்டுத் திறப்பார். அங்கிருந்து கொஞ்சம் தாளை நகலெடுத்துத் தட்டச்சுக்குத் தருவார். அச்சு மங்கிய பழுப்புத் தாள் என்பதால் இயந்திரத்துக்குப் படிக்க வராது, மனிதர்தான் அடித்தாக வேண்டும். அடித்து முடித்த நகலை மேஜைக்கு அடியில் இருக்கிற கிழிப்பு இயந்திரம் நூல் நூலாகத் தின்றுவிடும். புத்தகம் கடைக்குத் திரும்பிவிடும். ஒரு வரிகூட அவர் படிக்க மாட்டார். படித்தால் வெட்டக் கை வராது என்பது அவர் கட்சி.

இப்போது ஒரு நெருக்கடி. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வல்லுநர் ஒருவர் வருகிறார். காதல் பகுதி அவருக்குத் திருப்தி என்றால் கத்திரியின் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பலகையைக் கழற்றி அறையைப் பூட்டிவிடுவார்கள். தற்காலிகம், தற்காலிகம் என்றே அவருக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "மாப்பிள்ளை ஆபீஸ்ல புத்தகம் வெட்டறார்" என்று அறிமுகப்படுத்துவார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காது சிவந்துபோகும்.

ஆகவே தட்டச்சு நிற்கக் கூடாது. பெரியக்காவின் கையோ மடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவன் அடுத்த ரயில்ல போய் அவளைப் பிடிச்சுட்டான். கல்யாணமும் ஆயிடுச்சு. போதுமா?" என்றார்.

பெரியக்கா முகம் மலர்ந்துவிட்டது. விசைப்பலகை மறுபடி தடதடத்தது. 'இவ்வளவுதானா விஷயம்!' என்று கத்திரி தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். அங்கேதான் தப்பு ஆரம்பம்.

மறுநாள் காலையில் அடுத்த தட்டச்சுக்காரி புதுப்பொண்ணு வந்து நின்றாள். கல்யாணமாகி இன்னும் புதுசு மாறாததால் அவளுக்கு அந்தப் பேர்.

"சார், பெரியக்காவுக்கு மட்டும் முடிவு சொன்னீங்களாமே? என்னோட டாக்டரு அந்த டாக்டரம்மாகிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறான். என்ன ஆச்சு?"

"அவனும் அடுத்த ரயில்ல போயிட்டான்."

"எதுக்கு சார் ரயில்? ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில ஒரே மாடியிலதானே இருக்காங்க!"

"லிஃப்ட்ல போனான்னு வச்சுக்கம்மா!"

"லிஃப்ட்டா? காதலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா சார்?"

அவளைச் சமாளித்துத் திரும்பினால் மூன்றாவது தட்டச்சுக்காரர் மௌனி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் குரலை யாரும் கேட்டதில்லை. சம்பளம் வந்தாலும் தலையாட்டுவார், வராவிட்டாலும் அதே தலையை அதே மாதிரி ஆட்டுவார். அப்பேர்ப்பட்ட மௌனியின் கண் கலங்கியிருந்தது. தொண்டையைச் செருமினார்.

"சார்... அந்தக் குழந்தை யாரோடது?"

அறையே அசந்துபோய் அவரைப் பார்த்தது.

"எந்தக் குழந்தை?"

"பண்ணை வீட்டுல. தொட்டில்ல கிடக்குதே."

"அது... அடுத்த ரயில்ல..."

"குழந்தையா சார்?"

அன்றைக்கு மத்தியானத்துக்குள் மூன்று விசைப்பலகையும் நின்றுவிட்டது. வேலை நிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. மனசு ஓடவில்லை என்றார்கள். கத்திரியின் முடிவுகளில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ரயில் மட்டும்தான் இருக்கிறது என்றாள் பெரியக்கா.

சரி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையே பார்த்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று வாடகைப் புத்தகக் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா வாய் ஓயாமல் பேசுகிற மனுஷி. இறகுத் துடைப்பத்தால் புத்தகங்களைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"வாடகைப் புத்தகத்துக்கு ஏது சார் கடைசித் தாள்? நானும் ஊசி போட்டுத் தச்சுக்கிட்டேதான் இருக்கேன். கை மாற மாற முதல் தாளும் கடைசித் தாளும் உதிர்ந்துடும்."

"அப்ப படிக்கிறவங்க கேட்க மாட்டாங்களா?"

"எதுக்குக் கேட்கணும்? முடிவு நல்லபடியாத்தான் இருக்கும்னு நம்பித்தானே வாடகைக்கு எடுக்கறாங்க!"

ஏதாவது ஒன்றிலாவது வால் ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நப்பாசையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பிரித்துப் போட்டதும் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது? அட்டையில ரெண்டு பேரும் மூச்சு விட இடமில்லாம நிக்கிறாங்க!"

"ஆபீஸ் வேலை."

"எந்த ஆபீஸ்ல இந்த வேலை கொடுக்கறாங்க? நானும் சேர்ந்துக்கறேன்."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்தாலே விடை தப்பு என்று தோன்றும். புத்தகங்களைக் கையால் தொடவில்லை. சேற்றுச் செருப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வரணுமா மாப்பிள்ளை?"

"முடிவு மட்டும் பார்க்கணும் அத்தை. எதுலயும் காணோம்."

"முடிவு தெரியறதுக்குப் புத்தகம் எதுக்கு? கணக்குத் தெரிஞ்சா போதாதா?"

"கணக்கா?"

"சொல்லுங்க, எதுல நிக்குது?"

"நர்ஸு ரயில் ஏறிட்டா. அவன் மழையில நிக்கிறான்."

மாமியார் ஒரு துண்டை உதறி நான்காக மடித்தார். "நர்ஸுன்னா ஒரு நோயாளி இருக்கணும். நோயாளியை விட்டுட்டு எந்த நர்ஸு நிம்மதியா போவா? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவா. திரும்பி வர ரயில் இருக்காது. தண்டவாளத்தோரமா நடந்தே வருவா. அவனும் எதிர்ப்பக்கத்துலேருந்து நடந்து வந்துக்கிட்டு இருப்பான்."

மனைவி ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"பண்ணை வீட்டுத் தொட்டில்ல ஒரு குழந்தை, அத்தை."

"செத்துப்போன அண்ணனோட குழந்தையா இருக்கும். ஊர் தப்பா பேசினாலும் பரவாயில்லைன்னு வாயைத் திறக்காம வளர்க்கறான். கூட்டல் கழித்தல் மாப்பிள்ளை, வேற ஒண்ணுமில்லை."

"அம்மா, நீ எங்கேயோ இருக்க வேண்டியவ!" என்றாள் மகள்.

"எங்கேயோ இருந்தா உன் வீட்டுத் துணியை யார் மடிக்கிறது?" என்றவர், மருமகன் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. யாரோ ஒருத்தர் உக்கார்ந்து முதலும் முடிவுமா எழுதினதை நடுவுல மட்டும் நறுக்கி எடுத்துக்கறது நல்லாவா இருக்கு?"

'அதானே, குத்திக் காட்டாமல் ஒரு வேளை விடுவாரா!' என்று கத்திரி மனசுக்குள் நொந்துகொண்டார். இருந்தாலும் காரியம் நடக்க வேண்டுமே. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு கதையின் நடுவையும் தட்டச்சுக்காரர்களிடம் கேட்டு வந்து மாமியாரிடம் சொல்வார். அவர் துணி மடித்தபடியே முடிவைச் சொல்வார். காலையில் அதைச் சூடு ஆறாமல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுவார். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள், புதுப்பொண்ணு கை தட்டுவாள், மௌனி தலையாட்டுவார். விசைப்பலகைகள் பறந்தன. வல்லுநர் வருவதற்கு முதல் நாளே வேலை முடிந்துவிட்டது.

கத்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று கணினி முன் உட்கார்ந்தார். 'காதல் பகுதியில் அதிகமாக வருகிற வாக்கியம் எது?' என்று கேட்டார். எது வரும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கணினிக்கு மட்டும் தெரியவில்லை. அது வேறொன்றை எடுத்து நீட்டியது. ஆங்கிலத்தில்தான் நீட்டியது, உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

'சாப்பிட்டாயா?'

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். மறுபடியும் 'சாப்பிட்டாயா?'

"யாரு? யாரு பண்ணினது இதை?"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்காதான் வாயைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க சொன்ன முடிவெல்லாம் அவ்வளவு அழகா இருந்துச்சா, பாதியில விட மனசு வரலை. ஒவ்வொரு கதைக்கும் கடைசியில முடிவையும் எங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அடிச்சு விட்டுட்டோம்."

"களஞ்சியத்துக்குள்ளேயா!"

"வெளியில எங்கே சார் அடிக்கிறது?"

"ஒவ்வொரு முடிவுலயும் ஒரு 'ஐ லவ் யூ' வச்சோம் சார், அது இல்லாம நல்லாவா இருக்கும்? மௌனி சார் மட்டும் ஒவ்வொண்ணுலயும் ஆறேழு வச்சார்" என்று போட்டுக் கொடுத்தாள் புதுப்பொண்ணு. மௌனி தலையாட்டினார்.

"அந்தச் சாப்பாடு?"

"அது நாங்க வைக்கலை சார்."

"பின்ன இங்கிலீஷ்காரன் வைப்பானா? இதோ பாருங்க, குதிரையிலேருந்து குதிச்ச பிரபு, நிலா வெளிச்சத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சாப்பிட்டியா'ன்னா கேட்பான்? நம்ம வீட்டுல கேட்கற கேள்வி இது! உங்க மூணு பேரு வேலைதான்!"

"கேட்டா என்ன சார் தப்பு? அடிக்கும்போது எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலையே" என்றாள் பெரியக்கா. அதையே அவர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

எது அச்சில் இருந்தது, எது இவர்கள் அடித்தது என்று ஒப்பிட நகல் வேண்டும். நகலெல்லாம் நூல் நூலாகக் கூடையில் கிடந்தது, புத்தகங்களோ கடைக்குத் திரும்பிவிட்டன, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க நேரமும் இல்லை. இனி ஒரே வழி. கணினியில் ஒரு வசதி உண்டே, ஒரு சொல்லை எடுத்துவிட்டு அது வருகிற இடத்தில் எல்லாம் வேறொரு சொல்லைப் போடுவது. எல்லா 'சாப்பிட்டாயா'வையும் எடுத்துவிட்டு 'ஐ லவ் யூ' போடச் சொன்னார். சேமிக்கவா என்று கேட்டது. சரி என்று அழுத்தினார். ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தார்.

முதல் கதையில் ஓட்டலுக்குள் ஒரு முதலாளி வந்து உட்கார்கிறார். பரிமாறுகிறவன் மேஜையைத் துடைத்துவிட்டுக் கேட்கிறான், "ஐ லவ் யூ, ஐயா?"

அடுத்ததில் சிறைக் காவலன் கம்பிக்கு வெளியே நின்று கொலைகாரனிடம் முறைப்பாகச் சொல்கிறான், "ஐ லவ் யூ."

அதற்கடுத்ததில் அறுவைச் சிகிச்சை. டாக்டர் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியிடம் கேட்கிறார், "ஐ லவ் யூ?" நோயாளி பயபக்தியோடு பதில் சொல்கிறான், "இல்லை டாக்டர், நேற்று ராத்திரியிலிருந்தே இல்லை."

புதுப்பொண்ணு நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். கத்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"பழையபடி மாத்திடறேன், இரு!" என்று அதே வேகத்தில் தலைகீழாகப் போட்டார். 'ஐ லவ் யூ' வருகிற இடத்தில் எல்லாம் 'சாப்பிட்டாயா' போடு. சேமிக்கவா? சரி.

அழுத்தின விரல் இன்னும் எழவில்லை, அதற்குள் புரிந்துவிட்டது. 'எல்லாம்' என்றால் எல்லாம்தான். தட்டச்சுக்காரர்கள் ஆசை ஆசையாக வைத்த 'ஐ லவ் யூ'வும் சேர்ந்து போய்விட்டது. இப்போது அந்தக் காதல் பகுதி முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரே ஒரு 'ஐ லவ் யூ' கிடைக்காது. வாசலில் காவலாளி சாவிக் கொத்தை ஆட்டினார். அலுவலகம் மூடுகிற நேரம்.

விடிந்ததும் கத்திரி சவரம் செய்துகொண்ட கையோடு வெளியே கிளம்பினார். மாமியார் தட்டோடு எதிரே வந்தார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். "இனிமே இந்த வீட்டுல யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது! மனுஷன் பொழப்பே அதனாலதான் போகப் போகுது!" என்று கத்தினார்.

மாமியார் தட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அம்மா அப்படி என்னங்க கேட்டுட்டாங்க?" என்று மனைவி கேட்டதற்கு நின்று பதில் சொல்லவும் அவருக்குப் பொறுமை இல்லை.

வல்லுநர் நெட்டையாக, ஒல்லியாக, மடக்கின குடை மாதிரி இருந்தார். சிரிப்பு அவர் முகத்துக்கு வழி தெரியாமல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. நேராகக் கணினி முன் உட்கார்ந்தார். முதல் கேள்வியே அதுதான். 'ஐ லவ் யூ' என்று தட்டினார்.

ஒன்றும் இல்லை என்றது கணினி.

"காதல் நாவல்தானே போட்டீங்க?"

"ஆமா சார்."

"காதல் எங்கே?"

கத்திரி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ரயில், தொட்டில், மாமியார் போட்ட கணக்கு, ஓட்டல்காரன், டாக்டர் எல்லாம்.

"மூலப் புத்தகங்களை வரவழைங்க" என்றார் வல்லுநர்.

போன் போனதும் கடைக்காரம்மா மூட்டையும் கையுமாக மாடியேறி வந்தார். மேஜை மேல் தொப்பென்று போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். வல்லுநர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். படித்தார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பெரியக்கா நகத்தைக் கடித்தாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கத்தை உரக்கப் படித்தார். பிரபு குதிரையிலிருந்து குதிக்கிறான். நிலா காய்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷப் பிரிவை எல்லாம் ஒரே சொல்லில் கேட்கிறான். "சாப்பிட்டாயா?"

"அச்சுலயா சார் இருக்கு?" கத்திரிக்கு நாக்குக் குழறியது.

"அச்சுலதான். எல்லாப் புத்தகத்துலயும்."

"நாங்க தலைபாடா அடிச்சுக்கிட்டோமே, கேட்டீங்களா?" என்றாள் பெரியக்கா.

"புத்தகத்துல ஒரு 'ஐ லவ் யூ'கூட இல்லை. இவங்க சேர்த்ததையும் நீங்க தெரியாம அழிச்சுட்டீங்க. ஒட்டின வாலை நறுக்கிட்டா, இப்ப உங்க களஞ்சியம் புத்தகத்துல இருக்கறபடியே இருக்கு" என்றார் வல்லுநர்.

கத்திரிக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் வல்லுநர் அடுத்த குண்டைப் போட்டார்.

"ஆனா ஒரு விஷயம். அட்டையில புத்தகத்துக்கொரு வெளிநாட்டுப் பொம்பளை பேர். உள்ளே பார்த்தா ஒரே கை. பல கை இருக்கணும்ங்கறது விதி. விதிப்படி இந்தப் பகுதி செல்லாது."

"அப்ப என் வேலை...?"

வல்லுநர் புத்தகத்தை மூடவில்லை. விரலை நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நானும் வாழ்நாளெல்லாம் இங்கிலீஷ் நாவல் படிச்சிருக்கேன். காதலை இப்படிக் கேட்கிற எழுத்தை நான் பார்த்ததே இல்லை. இந்தக் கைக்குன்னே தனிப் பகுதி வைக்கலாம். எழுதினவங்க யாருன்னு கண்டுபிடிச்சு, அவங்க சம்மதத்தை வாங்கிட்டு வாங்க. அந்தப் பகுதிக்கு நீங்கதான் நிரந்தரப் பொறுப்பு. முடியலைன்னா, மன்னிச்சுக்குங்க, பலகையைக் கழட்ட வேண்டியதுதான்."

கத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்கே போய்த் தேடுவேன் சார்? எந்தச் சீமையில இருக்காங்களோ, உயிரோட இருக்காங்களோ இல்லையோ..."

"அடுத்த ரயில்ல போங்க சார்" என்றாள் புதுப்பொண்ணு, மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரம்மா மட்டும் முக்காலியில் அப்படியும் இப்படியும் நெளிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று முந்தானையை முறுக்கினார். பிறகு துணிந்து எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா உங்க பொழப்பே போகுதுன்னா நான் எப்படிச் சும்மா இருக்கறது? எங்கப்பா அச்சாபீஸ் நடத்தின காலத்துலேருந்து அட்டையில இருக்கற இத்தனை பேர்லயும் எழுதிக் கொடுத்ததெல்லாம் ஒரே ஆள்தான் சார், உங்க மாமியார்!"

நல்லது கண்ணுகளா, போய் வாருங்கள். உங்கள் வீட்டு வாசல் சிரித்த முகங்களுக்குத் திறந்தே இருக்கட்டும். கூடவே இருக்கிறவர்களிடம் நீங்கள் இன்னும் கண்டுபிடிக்காத நல்லது நிறைய மிச்சம் இருக்கட்டும். பெரியவர் சிறியவர் எல்லாரும் மனம் நிறைந்து, குடி விளங்கி, நன்றாக இருங்கள்.